பழைய லாரியில் பானெட் லாக் சிக்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானெட் லாக் சிக்குகிறது என்று பேச்சு ஆரம்பித்தாலே அடுத்த கேள்வி, புது லாக் வாங்கிவிடலாமா என்பதுதான். அவசரப்படாதீர்கள். இதுவரை நான் கழற்றிப் பார்த்த பழைய லாக்குகளில் உண்மையிலேயே உடைந்துபோனவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து கட்டிப்போய் நகர முடியாமல் கிடந்தவை. ஆகவே முதலில் சுத்தம், அப்புறம் எண்ணெய், அப்புறம்தான் ஸ்பேனர், கடைசியில்தான் பர்ஸ். இங்கே சொல்வது முன்னால் மூக்கு நீட்டிய வண்டிகளுக்கு, அதாவது பிக்கப், பானெட் வைத்த பழைய லாரி மாதிரியானவற்றுக்கு. கேபினையே முன்னால் சாய்த்து இன்ஜினைப் பார்க்கிற லாரிக்கு லாக்கும் வேறு, வேலையும் வேறு.

லிவரை இழுத்தால் 'டக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் பானெட் எழும்பவே இல்லை. இப்போதைக்குத் திறக்க வழி உண்டா?

உண்டு, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேபினுக்குள் உட்கார்ந்து லிவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் லாக் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே, பானெட்டின் முன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தி விட வேண்டும். பெரும்பாலும் இதிலேயே திறந்துவிடும்.

மேலே தூக்க வேண்டியதை ஏன் கீழே அழுத்த வேண்டும் என்று தோன்றும். பானெட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்ப்ரிங்கும் ரப்பர் முட்டுகளும் அதை எந்நேரமும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்த விசை முழுவதும் லாக்குக்குள் இரண்டு இரும்புத் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு சின்ன விளிம்பில் போய் உட்காருகிறது. அந்த விளிம்பில் துரு இருந்தால், லிவரிலிருந்து லாக் வரை வருகிற கேபிள் என்ன இழுத்தாலும் நழுவாது. நீங்கள் மேலிருந்து அழுத்தும்போது அந்த இறுக்கம் ஒரு கணம் விட்டுப்போகிறது, அந்த இடைவெளியில் தடுப்பு விலகிக்கொள்கிறது.

தனியாக இருந்தால் லிவரை இழுத்த நிலையிலேயே ஒரு கயிற்றால் சீட்டின் கால் எதிலாவது கட்டிவிட்டு முன்னால் போய் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வரவில்லையே என்ற எரிச்சலில் லிவரை வெட்டி வெட்டி இழுப்பது. லாக் சிக்கினால் அரை நாள் வேலை, கேபிளும் அறுந்தால் அது பெரிய தலைவலி.

லாக்குக்குள் என்னதான் இருக்கிறது?

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பானெட்டின் அடியில் ஒரு கம்பி வளையம் இருக்கும். ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகிற தகட்டில் லாக் இருக்கும். லாக்குக்குள் கவட்டை மாதிரி பிளந்த ஒரு நாக்கு. பானெட் இறங்கும்போது வளையம் அந்தப் பிளவுக்குள் விழுந்து நாக்கைச் சுழற்றும், நாக்கு வளையத்தைக் கவ்விக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற தடுப்பு என்கிற இன்னொரு துண்டு வந்து நாக்கு திரும்பிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் லிவரை இழுக்கும்போது உண்மையில் நகர்வது அந்தத் தடுப்பு மட்டும்தான். அதை விலக்கினால் போதும், நாக்கு தன் ஸ்ப்ரிங்கால் தானே திறந்துகொள்ளும். நாக்குக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று என்று இரண்டு ஸ்ப்ரிங். நாக்கும் தடுப்பும் ஆளுக்கொரு ரிவெட்டைச் சுற்றித்தான் சுழல்கின்றன. அழுக்கு சேருகிற இடம் அந்த ரிவெட்டுகளின் இடுக்குதான்.

இன்னும் பழைய வண்டிகளில் இது வேறு மாதிரி இருக்கும். பானெட்டில் கூர்முனையோடு ஒரு தடித்த ஊசி, அதைச் சுற்றி ஒரு பெரிய ஸ்ப்ரிங், கீழே தகட்டில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு அடியில் பக்கவாட்டில் நகர்கிற ஒரு பட்டை. ஊசி ஓட்டைக்குள் இறங்கியதும் பட்டை வந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் கேபினுக்குள் லிவரே கிடையாது, கிரில்லுக்குள் கையை விட்டு நேராக லாக்கையே தள்ளித் திறக்க வேண்டும். எனக்கு இந்த ரகம்தான் பிடிக்கும். கேபிளே இல்லை, அறுந்துபோகவும் ஒன்றுமில்லை.

நேற்று வரை நன்றாக இருந்த லாக் திடீரென்று ஏன் இறுகுகிறது?

திடீரென்று இல்லை. வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே வந்திருக்கும், உங்கள் கை அதற்குப் பழகிப்போயிருக்கும். லாக் இருக்கிற இடத்தைப் பாருங்கள், வண்டியின் மூக்கு நுனி. சாலைத் தூசி, மழைத் தண்ணீர், பூச்சி, பனிக்கு உப்பு தூவுகிற ஊர்களில் அந்த உப்பு, எல்லாம் கிரில் வழியாக நேராக அங்கேதான் வந்து அடிக்கிறது. பின்னால் ரேடியேட்டரின் சூடு. கிரீஸில் இருக்கிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, மிச்சமிருக்கிற சக்கையோடு தூசி கலந்து, காய்ந்த கோந்து மாதிரி ஆகிவிடும்.

சந்தேகமென்றால் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தடுப்பை ஒரு பக்கம் தள்ளி விட்டுப் பாருங்கள். நல்ல லாக்கில் விட்ட கணமே 'டப்' என்று பழைய இடத்துக்குப் பாயும். கோந்து பிடித்த லாக்கில் தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி மெதுவாக, பாதி வழியில் நின்று, யோசித்துத் திரும்பும். சில சமயம் திரும்பவே திரும்பாது. அப்படி மெதுவாகத் திரும்புகிற லாக்கில் ஸ்ப்ரிங் வீக் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முக்கால்வாசி நேரம் ஸ்ப்ரிங் மீது குற்றமே இருக்காது.

கேபிள் கோளாறா, லாக் கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லிவர் கையில் எப்படி இருக்கிறது என்பதே பாதி சொல்லிவிடும். இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு முனை கழன்றிருக்கிறது. கல் மாதிரி இறுகி நகரவே இல்லையென்றால் லாக் இறுகியிருக்கலாம், கேபிளே உறைக்குள் துருப்பிடித்திருக்கவும் செய்யலாம். லிவர் வழக்கம்போல வருகிறது, ஆனால் பானெட் எழும்பவில்லை என்றால் கேபிளின் இழுப்பு லாக் வரை முழுசாகப் போய்ச் சேரவில்லை, அல்லது பானெட்டைத் தள்ளிவிடுகிற ஸ்ப்ரிங் சோர்ந்துவிட்டது.

பானெட் திறந்திருக்கும்போது இன்னும் சுலபம். கேபிளின் முனையை லாக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது தடுப்பை விரலாலோ பிளையராலோ நகர்த்திப் பாருங்கள், பிறகு லிவரை மட்டும் தனியாக இழுத்துப் பாருங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம், கேபிளின் வெளியுறை. இந்த மாதிரிக் கேபிளுக்கு போடன் கேபிள் என்று பெயர், 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் போடன் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியது. சைக்கிள் பிரேக் கேபிளும் இதே ஜாதிதான். உள்கம்பி இழுக்க வேண்டும், வெளியுறை அசையாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் ஒரு முனையில் இழுத்த இழுப்பு மறுமுனைக்குப் போகும். உறையைப் பிடித்திருக்கிற கிளிப் உடைந்துபோனால் நீங்கள் இழுக்கும்போது உறையும் சேர்ந்து நெளியும், கம்பி நகர வேண்டிய தூரம் பாதி அந்த நெளிவிலேயே போய்விடும். ஆகவே ஒருவரை லிவரை இழுக்கச் சொல்லிவிட்டு, லாக் பக்கம் கம்பியைப் பார்க்காதீர்கள், உறையைப் பாருங்கள். உறை அசைந்தால் புதுக் கேபிள் வேண்டாம், அந்தக் கிளிப்பைச் சரிசெய்தால் போதும்.

கேபிள் அறுந்தே போய்விட்டது, பானெட் மூடிக் கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். நிறைய நேரம் லிவருக்குப் பக்கத்திலேயே, கம்பி வளைந்து வளைந்து இழுபடுகிற இடத்தில்தான் அறுந்திருக்கும். லிவரைக் கழற்றினால் கம்பியின் முனை உறைக்குள்ளிருந்து கொஞ்சம் எட்டிப் பார்க்கும். உறையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியை பிளையரில் இறுகக் கவ்வி இழுங்கள். கம்பி உறைக்குள் ஒளிந்திருந்தால் உறையின் நுனியை மட்டும் கவனமாக வெட்டி, கம்பியை வெளியே கொண்டுவரலாம். எப்படியும் கேபிள் மாறப்போகிறது.

லாக் பக்கம் அறுந்திருந்தால் முன்னாலிருந்துதான் போக வேண்டும். டார்ச் அடித்து கிரில் இடுக்கு வழியாகப் பாருங்கள், லாக் தெரிகிறதா, கேபிள் வந்து மாட்டுகிற கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று. நீளமான ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கையை, கேபிள் எந்தத் திசையில் இழுக்குமோ அதே திசையில் தள்ள வேண்டும். எந்தத் திசை என்று தெரியவில்லையென்றால் அதே மாடல் வண்டி வேறு யாரிடமாவது இருந்தால் அதன் பானெட்டைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் லாக்குக்குப் பின்னாலேயே ரேடியேட்டர் நிற்கிறது, ஏசி இருந்தால் அதற்கும் முன்னால் கண்டென்சர். ஸ்க்ரூ டிரைவர் ஒரு தடவை வழுக்கினால் லாக்கின் விலை ஞாபகத்துக்கே வராது.

கிரில் வழியாக இடமில்லையென்றால் கிரில்லையே கழற்ற முடிகிறதா பாருங்கள், பல பழைய வண்டிகளில் வெளியிலிருந்தே ஸ்க்ரூ தெரியும். அதுவும் இல்லையென்றால் கீழேயிருந்து. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மின்சார ஃபேன் இருந்தால் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்ற வாய்ப்புண்டு, கையை எங்கே விடுகிறோம் என்பதில் கவனம். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு போடாமல், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் போதாதா?

இன்றைக்குத் திறக்கப் போதும், அடுத்த மாதத்துக்குப் போதாது. அந்தப் பெயரே, தண்ணீரை விலக்குவதற்கான நாற்பதாவது ஃபார்முலா என்பதன் சுருக்கம். 1953-இல் அதை உருவாக்கியதே உலோகத்தை ஈரத்திலிருந்தும் துருவிலிருந்தும் காப்பாற்றத்தான். இறுகிப்போன அழுக்கை இளக்குவதில் கெட்டிக்காரன், அதை மறுக்கவில்லை. ஆனால் இளக்கிவிட்டுப் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுகிற மெல்லிய படலம் இரும்பும் இரும்பும் அழுத்தி உரசுகிற இடத்தில் ரொம்ப நாள் தாங்காது. இதில் இன்னொரு தொல்லை, அடித்தவுடன் லாக் வெண்ணெய் மாதிரி வேலை செய்யும், வேலை முடிந்தது என்று நாமும் போய்விடுவோம், இளகிய அழுக்கு இன்னும் உள்ளேயே இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி இறுகும். மறுபடி அடிப்போம். இப்படியே வருஷக்கணக்கில் ஒரே லாக்குக்கு டப்பா டப்பாவாக அடித்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒரு காலத்தில் நானும் ஒருவன்.

சரி, முறையாகச் சுத்தம் செய்வது எப்படி?

கழற்றாமலே செய்யலாம், கழற்றினால் இன்னும் நன்றாக வரும். கழற்றுவதாக இருந்தால், போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் லாக்கின் விளிம்பைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். போல்ட் ஓட்டைகள் வேண்டுமென்றே நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும், லாக்கை நகர்த்தி வைப்பதற்காக. கோடு போடாமல் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது பானெட்டை ஐம்பது தடவை மூடித் திறந்து இடம் தேடுவார்கள். அப்படியே கேபிள் மாட்டியிருக்கிற விதத்தையும் ஒரு போட்டோ.

அழுக்கு கரைக்க மண்ணெண்ணெய் போதும், அல்லது பிரேக் கிளீனர் ஸ்பிரே. இரண்டும் தீப்பிடிக்கும், ஆகவே சூடான இன்ஜின் மேல் வேண்டாம், பக்கத்தில் பீடி சிகரெட்டும் வேண்டாம். பிரேக் கிளீனர் பெயின்ட்டையும் சில பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். கழற்றாமல் அடிப்பதாக இருந்தால் சுற்றி ஒரு பழைய துணியைத் திணித்துவிட்டு, அந்தச் சின்னக் குழாயை மாட்டி நேராக ரிவெட் இடுக்குக்குள் அடியுங்கள். அடித்தது அப்படியே முகத்துக்குத் திரும்பி வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நனைத்துவிட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் பழைய டூத்பிரஷால் தேய்த்தபடியே நாக்கையும் தடுப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதல் தடவை வழிகிறது கறுப்பாக, மணல் மணலாக இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி நனையுங்கள். வழிகிற திரவம் தெளிவாக வரும் வரை இதேதான் வேலை. இடையில் ஒரு கட்டத்தில், அதுவரை இழுத்து இழுத்து நகர்ந்த நாக்கு திடீரென்று 'டப்' என்று பாயும், அந்தச் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போதும் நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்று கழுவுங்கள்.

துரு ஆழமாக இருந்தால் துரு இளக்குகிற எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். அவசரத்துக்குச் சுத்தியலால் தட்டுபவர்கள் உண்டு. ரிவெட் வளைந்தால் அந்த லாக் அதோடு சரி.

எந்தக் கிரீஸ் போடுவது, எவ்வளவு?

வெள்ளை லித்தியம் கிரீஸ், ஸ்பிரேயாகக் கிடைப்பது இதற்கு வசதி. மெல்லியதாக உள்ளே புகுந்துவிட்டு அப்புறம் கெட்டியாகும். கைவசம் சாதாரண லித்தியம் கிரீஸ்தான் இருக்கிறதென்றால் ரிவெட்டுகளுக்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, நாக்கும் தடுப்பும் உரசுகிற விளிம்பில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வளையத்தின் அடிப்பகுதியிலும் ஒரு தடவல். லாக் முழுவதும் அப்பி வைக்காதீர்கள், அப்பிய கிரீஸ் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், பிறகு நாம் கழுவி எடுத்த அதே கோந்து மறுபடி தயாராகும்.

கழுவிய மண்ணெண்ணெயோ கிளீனரோ முழுசாக ஆவியாகிக் காய்ந்த பிறகுதான் கிரீஸ். ஈரத்தின் மேல் போட்டால் கிரீஸும் சேர்ந்து கரைந்து ஓடிவிடும்.

கேபிளுக்கும் எண்ணெய் விட வேண்டுமா?

விட்டால் நல்லது. லாக் பக்கம் முனையைக் கழற்றி, உறையை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, கம்பிக்கும் உறைக்கும் நடுவில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி லிவரை இழுத்து இழுத்து விடச் சொல்லுங்கள். உறைக்குள் நைலான் குழாய் இருக்கிற கேபிளுக்குச் சிலிகான் ஸ்பிரே போதும். கம்பியில் ஒரு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளுக்கு எண்ணெயை வீணாக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். மீதி இழைகளும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம், அறுவது எப்போதும் பானெட் மூடியிருக்கும்போதுதான்.

புதுக் கேபிளை இழுத்துக் கொண்டுபோவது எப்படி? உள்ளே எந்த வழியில் போகிறது என்றே தெரியவில்லை.

பழைய கேபிளை உருவுவதற்கு முன்னால் அதன் ஒரு முனையில் கெட்டியான நூலைக் கட்டி, மேலே டேப் சுற்றிவிடுங்கள். மறுமுனையிலிருந்து உருவினால் பழைய கேபிள் போன வழியிலேயே நூல் வந்து நிற்கும். அந்த நூலில் புதுக் கேபிளைக் கட்டித் திரும்ப இழுத்தால் முடிந்தது. கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் கேபிள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும், அதைத் தவறாமல் திரும்பப் பொருத்துங்கள், இல்லையென்றால் தகட்டின் விளிம்பு உறையை அறுக்கும், தண்ணீரும் உள்ளே வரும். சைலன்சர் குழாய், ஸ்டீயரிங் ராடு பக்கம் போகக்கூடாது. கேபிள் எங்கேயும் சட்டென்று மடங்கக்கூடாது, அகலமான வளைவாகத்தான் போக வேண்டும்.

எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன், லாக் தனியாக அருமையாக வேலை செய்கிறது. பானெட்டை மூடினால் மட்டும் மறுபடி சிக்குகிறது!

அப்படியென்றால் லாக்கும் வளையமும் நேருக்கு நேர் இல்லை. பழைய வண்டியில் கீல்கள் தேய்ந்து பானெட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது எப்போதோ முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்திருப்பார்கள். வளையத்தின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, லாக்கின் வாயைத் துடைத்துவிட்டு, பானெட்டை லாக் ஆகாத அளவுக்கு மெதுவாக இறக்கித் தூக்குங்கள். கிரீஸ் தடம் வாயின் நடுவில் விழுந்திருந்தால் நல்லது, ஓரத்தில் விழுந்திருந்தால் அந்தப் பக்கம் லாக்கை நகர்த்த வேண்டும். போல்ட்டுகளை முழுசாகத் தளர்த்தாமல், கையால் தட்டினால் நகர்கிற அளவுக்கு மட்டும் விட்டு, ஒரு தடவைக்கு ஓரிரு மில்லிமீட்டர்.

உயரமும் முக்கியம். லாக் ரொம்பக் கீழே இருந்தால் பானெட் மிகவும் இறுகி மூடும், திறக்கும்போது தடுப்பின் மேல் அளவுக்கு மீறிய இழுப்பு இருக்கும். நீங்கள் கோளாறு என்று நினைத்தது அதுவாகவே இருக்கலாம். ரொம்ப மேலே இருந்தால் ஓட்டும்போது பானெட் தடதடக்கும். இரு ஓரங்களிலும் இருக்கிற ரப்பர் முட்டுகளைத் திருகினால் ஏறும், இறங்கும். முட்டுகள் பானெட்டை லேசாகத் தாங்க வேண்டும், பக்கவாட்டு பாடியோடு பானெட் சமமாக நிற்க வேண்டும். ஊசி வைத்த பழைய ரகத்தில் ஊசியின் அடியில் இருக்கிற பூட்டு நட்டைத் தளர்த்தி, ஊசியையே திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

மூடிப் பார்ப்பதற்கு முன்னால் சோதனை ஏதாவது உண்டா?

இந்த ஒரு கேள்விக்கான பதிலை மட்டும் படித்தாலும் போதும். பானெட் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரின் தண்டை லாக்கின் வாய்க்குள் வைத்து, வளையம் இறங்குவது மாதிரி கீழே அழுத்துங்கள். பல லாக்குகளில் இரண்டு 'டக்' கேட்கும், முதலாவது பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது கேபினுக்குள் போய் லிவரை இழுங்கள், நாக்கு திறந்துகொள்ள வேண்டும். இதைப் பத்து தடவை செய்யுங்கள். பத்துக்குப் பத்து திறந்தால்தான் பானெட்டை மூட வேண்டும், ஒன்பது என்றால் மறுபடி டூத்பிரஷ்.

கடைசித் தடவை திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு முறை சோதனை எல்லாம் முடித்த சந்தோஷத்தில், நாக்கு மூடிய நிலையில் இருப்பதை மறந்துவிட்டு பானெட்டை மேலிருந்து விட்டேன். வளையம் மூடிய நாக்கின் தலையில் போய் 'ணங்' என்று இடித்தது. லாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, வளையம் கோணிக்கொண்டது, அதை நிமிர்த்தி மறுபடி நேர் செய்வதற்குள் பொழுதே சாய்ந்துவிட்டது. சுத்தம் செய்ய ஆனதைவிட அதற்கு அதிக நேரம்.

பானெட்டை ஓங்கி அடித்துத்தான் மூட வேண்டியிருக்கிறது. அது சரியா?

இல்லை. லாக் நன்றாக இருந்தால் ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டாலே தன் கனத்தில் பூட்டிக்கொள்ளும். கனமான பழைய பானெட்டுக்கு அதுவே தாராளம். ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் நாக்கு இறுகியிருக்கிறது, அல்லது ரப்பர் முட்டுகள் அதிகம் ஏறியிருக்கின்றன. நடுவில் கையை ஊன்றி அழுத்தி மூடுகிற பழக்கமும் வேண்டாம், தகடு குழிந்துவிடும்.

வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கொக்கி எதற்கு? அதுவும் சிக்குகிறது, கழற்றிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது சேஃப்டி கொக்கி. முதல் லாக் எந்தக் காரணத்தாலோ விட்டுவிட்டால், காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறையாமல் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். திறந்தால் ஓட்டுநரின் பார்வையை மறைக்கிற பானெட்டுக்கு இப்படி இரண்டாவது பிடிப்பு கட்டாயம் என்று அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் விதியே உண்டு. இது இல்லாத, இன்னும் பழைய வண்டி உங்களுடையது என்றால் முதல் லாக்கின் மேல் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இதையும் அதே மாதிரி கழுவி, ரிவெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சோதிப்பதும் சுலபம். லிவரை மட்டும் இழுத்து, சேஃப்டி கொக்கியைத் தொடாமல் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரல் உயரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். அப்படியே மேலே வந்துவிட்டால் ஸ்ப்ரிங் போய்விட்டது, அல்லது கொக்கி வளைந்திருக்கிறது. அது சரியாகும் வரை வண்டியை வேகச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

லாக் சரியாகும் வரை கயிறு கட்டி ஓட்டலாமா?

வீட்டுக்கோ பட்டறைக்கோ போய்ச் சேரும் வரை, மெதுவாக. நைலான் கயிறு சூட்டில் இளகும், கட்டுக்கம்பி மேல். வளையத்தையும் லாக் இருக்கிற தகட்டையும் சேர்த்து இரண்டு மூன்று சுற்று. கிரில்லில் கட்டினால் கிரில்லும் சேர்ந்து பறக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பானெட் திறந்துகொண்டால்?

பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள், பின்னால் வருகிறவருக்கு உங்களுக்கு என்ன ஆனது என்று தெரியாது. ஹசார்ட் லைட்டைப் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். பல வண்டிகளில் பானெட்டுக்கும் கண்ணாடியின் அடிப்பகுதிக்கும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி தெரியும், தலையைத் தாழ்த்தினால் அதன் வழியாகச் சாலை தெரியும். இல்லையென்றால் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு பானெட்டை இறக்குவதற்கு முன் கீல்கள் வளைந்திருக்கின்றனவா பாருங்கள்.

கடுங்குளிரில் மட்டும் சிக்குகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

கேபிள் உறைக்குள் புகுந்த தண்ணீர் உறைந்திருக்கும், அல்லது பானெட்டின் ஓர ரப்பர் தகட்டோடு ஒட்டியிருக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், அது வழிந்து உள்ளே போய் மறுபடி உறையும். முன் ஓரத்தை உள்ளங்கையால் நாலைந்து தடவை அழுத்தி விட்டுவிட்டு லிவரை இழுங்கள். குளிர்காலத்துக்கு முன்னாலேயே ரப்பரில் சிலிகான் தடவி, கேபிளில் எண்ணெய் விட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது. ரொம்பக் கெட்டியான கிரீஸும் குளிரில் இறுகும்.

எங்கள் லாரியில் பானெட் முழுசாக முன்னால் சாய்கிறது, இரண்டு பக்கமும் ரப்பர் பட்டைதான் லாக். அதற்கு?

அதற்கு எண்ணெயே வேண்டாம், கிரீஸும் பெட்ரோலும் ரப்பரைக் கெடுக்கும். பட்டையை இழுத்து வளைத்துப் பாருங்கள், நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் வெயிலில் காய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பானெட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கும். பட்டை மாட்டுகிற இரும்புக் கொக்கியில் துருப்பிடித்துக் கூராக இருந்தால் அதை அரத்தால் மழுங்க ராவிவிடுங்கள், புதுப் பட்டையை அறுக்கப்போவது அதுதான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை இதெல்லாம் செய்ய வேண்டும்?

இன்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் எப்படியும் பானெட் திறந்துதான் இருக்கும். அப்போது லாக்கைத் துணியால் ஒரு துடை, தடுப்பை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தள்ளு. 'டப்' என்று திரும்பினால் ஒரு சொட்டு எண்ணெயோடு விட்டுவிடுங்கள். மெதுவாகத் திரும்பினால் மண்ணெண்ணெய் டப்பாவை எடுங்கள்.